விடிலிக்குப் புதுச் சாமான் வாங்குவதற்கு முன்னால்

பனை வேலை செய்கிற வீடுகளில் இப்போது படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாசி பிறந்ததும் போனில் ஒரு வீடியோவை நீட்டி, "அண்ணாச்சி, இந்த மாதிரி அடுப்பு செய்து தருவீங்களா? இந்த ஏறுற மெஷின் வாங்கலாமா?" என்று வந்து நிற்பார்கள். எங்கள் பட்டறை திசையன்விளையிலிருந்து உவரி போகிற ரோட்டில் இருக்கிறது. கேட்டும் கிராதியும்தான் வருஷம் முழுக்கச் சோறு போடுகிறது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் தாச்சி (பதநீர் காய்ச்சுகிற பெரிய சட்டி), அடுப்பு, கொக்கி என்று பனைச் சாமான் வேலை. அப்பா பனையேறி, அம்மா விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சியவர். அதனால் கேட்கிறவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்ல முடிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. "பனைத்தொழிலாளிகள் பழசை விடமாட்டார்கள்" என்று கூட்டம் போடுகிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மண்குடத்தில் பதநீர் சுமந்த காலம் போய்ப் பிளாஸ்டிக் கேன் வந்ததே, அதற்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? கேனை டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு தேரி மணலுக்குள் வண்டி ஓட்ட எந்த முகாமும் நடக்கவில்லை. வேலை குறைகிறது என்று கண்ணால் கண்டால் எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் மாறிவிடுவார்கள். மாறவில்லை என்றால் அந்தச் சாமானில் ஏதோ இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. ஆடி கழிந்ததும் பழைய இரும்பு விலைக்கு என்னிடம் வருகிற சாமான்களில், பெயின்ட் கூட உரியாத மானியச் சாமான்கள் வருஷா வருஷம் இருக்கின்றன. ஒரு கம்பெனி கொடுத்த அடுப்பு ஒன்றின் கதவைத்தான் எங்கள் நாய்க்கூண்டுக்குப் போட்டிருக்கிறேன்.

விடிலியில் போய் உட்காருங்கள்

வாங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் விடிலியில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். எத்தனை லிட்டர் பதநீர் இறங்குகிறது, எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள், விறகு எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். விறகைக் கட்டாகவே ஒரு தராசில் போட்டு எடை பார்த்துக்கொண்டால் நல்லது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். 100 லிட்டர் காய்ச்சினால் அதில் எண்பத்தைந்து லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராக ஆவியாகிப் போகிறது. கருப்பட்டி வேலை என்பது தண்ணீரை விரட்டுகிற வேலை. அதைச் செய்வது விறகும், அடுப்படியில் நிற்கிற பெண்ணின் முதுகும் கண்ணும்தான்.

இங்கேதான் முதல் கேள்வி வருகிறது: விறகு எங்கிருந்து வருகிறது? சொந்த விளையில் (பனை நிற்கிற நிலத்தில்) விழுகிற காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டு எரிக்கிற வீட்டில், "பாதி விறகு மிச்சம்" என்று சொல்லி அடுப்பு விற்க முடியாது. மிச்சமாகிற ஓலையை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? உடைமர விறகை டன் கணக்கில் காசு கொடுத்து இறக்குகிற வீட்டுக்கு அதே அடுப்பு ஒரு பருவத்திலேயே கணிசமாகத் திருப்பிக் கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து விடிலியில் ஒருவர் வாங்கி ஒருவர் வாங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வாங்காதவரைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

இரண்டாவது கேள்வி: விளை யாருடையது? குத்தகைப் பனையாக இருந்தால், அடுத்த வருஷம் அதே இடத்தில் விடிலி போடுவோமா என்பதே தெரியாது. விடிலி என்பது பருவத்துக்குப் போட்டுப் பருவம் முடிந்ததும் பிரிக்கிற ஓலைக் குடிசை. அங்கே செங்கல்லும் சிமென்டும் வைத்து மூன்று வாய் அடுப்பு கட்டச் சொன்னால் எந்தக் குத்தகைக்காரர் கட்டுவார்? கட்டினால் அது நிலத்துக்காரருக்குப் போய்விடும். குத்தகைப் பனைக்காரர் வாங்குவது எதுவானாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறதாக இருக்கவேண்டும். இரும்புச் சட்டத்தில் இரண்டு துண்டாகக் கழற்றுகிற அடுப்பு செய்து தரலாம். உள்ளே மண் பூசிக்கொள்வது அவர்கள் பாடு.

சின்னச் சாமானில் தொடங்குங்கள்

எல்லோரும் பெரிய மெஷினைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது இரண்டே பொருள்: ஒரு பிஎச் தாள் கட்டு, 200 டிகிரி வரை காட்டுகிற ஒரு தெர்மாமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஒரு தாச்சிக்கு ஓட்டை அடைக்கிற கூலிக்குப் பக்கத்தில்தான் வரும்.

பிஎச் தாள் சுண்ணாம்புக்காக. பதநீரில் நனைத்தால் நிறம் மாறி, புளிப்பா காரமா என்று எண்ணில் காட்டும். பனையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எல்லோரும் செய்வதுதான். அளவு மட்டும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். குறைந்தால் பதநீர் புளிக்கத் தொடங்கி, அதிலுள்ள சர்க்கரைச் சத்து உடைந்துபோகும். அப்புறம் எவ்வளவு விறகு போட்டாலும் கட்டி பிடிக்காது, பிசுபிசு என்று நிற்கும். கூடினால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் சுண்ணாம்பு உறைக்கும். அடுப்பில் ஊற்றப் போகிற பதநீர் 8-ஐ ஒட்டி இருந்தால் சரி. 6-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதைக் கட்டியாக்க மெனக்கெடாதீர்கள். கூப்பனிப் பதத்தில், அதாவது பாகாக, இறக்கிவிடுங்கள். எந்தப் பனையின் கலயத்தில் அடிக்கடி குறைகிறது என்று ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். பனையேறியிடம் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு தடவுகிறவரிடம் கீழே நின்றுகொண்டு தாளைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். இன்னொன்று, சுண்ணாம்பு இல்லாமல் இறங்கினால் அது கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. ஆகவே சுண்ணாம்பு அளவு ருசிக்கு மட்டும் அல்ல, போலீசுக்கும் பதில் சொல்லவேண்டிய விஷயம்.

தெர்மாமீட்டரை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "115 டிகிரி வந்ததும் இறக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தால் அது மறுநாளே ஓலையில் செருகப்பட்டுவிடும். எங்கள் மைனி (அண்ணி) பதம் பார்ப்பதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். பாகு பொங்கி அடங்கி, குமிழி பெரிதாகி 'பொளக் பொளக்' என்று வெடிக்கத் தொடங்கும்போது துடுப்பைத் தூக்கிப் பார்ப்பார். சொட்டு நூலாக இழுபட வேண்டும். பிறகு ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்து அதில் ஒரு சொட்டு விடுவார். விரலால் உருட்டினால் உருள வேண்டும், உருட்டியதைச் சிரட்டை விளிம்பில் தட்டினால் 'டொக்' என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் தெர்மாமீட்டரைத் தாச்சியில் அமிழ்த்தி, அடியைத் தொடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் "இப்பம்" என்று சொல்கிறபோது என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். அதுதான் உங்கள் விடிலியின் எண். ஒரு வாரம் எழுதினால் 115-ஐ ஒட்டி ஓரிரு டிகிரி முன்னே பின்னே நிற்கும். மைனிக்கு அந்த எண் தேவையில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து மகள் துடுப்பைப் பிடிக்கிற அன்றைக்கு அது தேவைப்படும். கருவி அம்மாவிடம் கற்றுக்கொள்ளட்டும், மகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இந்த வரிசையில் போனால் வீட்டுக்குள் சண்டை இல்லை.

வடிகட்டுவதற்கு நைலான் வலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னாடை (பனை மட்டையடியில் இருக்கிற வலை போன்ற நார்) காசில்லாமல் கிடைக்கிறது, அழுக்கானால் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். நைலான் வலை எறும்பையும் தேனீயையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சுண்ணாம்பு படிந்து இரண்டு நாளில் கண் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சுமந்து வருகிற விடிலியில் அதைத் தினமும் அலசுவது யார்? தண்ணீர் வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் பன்னாடை, அதன் மேல் ஒரு வெள்ளை வேட்டித் துணி போதும்.

தாச்சி

எவர்சில்வர் தாச்சி கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். துருப்பிடிக்காது, கழுவ லேசு, வெளியூர் வாடிக்கையாளருக்கு வீடியோ எடுத்து அனுப்பினாலும் சுத்தமாகத் தெரியும். எல்லாம் சரி. ஆனால் எவர்சில்வர் சூட்டை இரும்பு போலப் பரவவிடாது. தீ படுகிற இடத்தில் மட்டும் கொதிக்கும். அடித்தகடு மெலிசாக இருந்தால் பாகு கெட்டியாகிற கடைசி நேரத்தில் ஒரு வட்டமாகக் கரிந்து, மொத்தப் பாகிலும் தீய்ந்த வாடை ஏறிவிடும். மெலிசுத் தகட்டில் விலை குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். தகடு 304 என்கிற நல்ல எவர்சில்வர் ரகம் என்று சொல்லி விற்பார்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் அது 304 இல்லை.

வடிவத்தில் என் யோசனை இது. ஒரே தாச்சியில் தொடக்கம் முதல் கடைசி வரை காய்ச்சாதீர்கள். அகலமாக, தட்டையாக ஒன்று வைத்துக்கொண்டால் தண்ணீர் சீக்கிரம் போகும். ஆனால் 100 லிட்டர் பத்துப் பன்னிரண்டு லிட்டராகச் சுண்டியதும் அதே அகலத்தில் அது அடியோடு அடியாகப் பரந்து கரிய ஆரம்பிக்கும். கூப்பனிப் பதம் வந்ததும் குழிந்த அடியுள்ள சின்னத் தாச்சிக்கு மாற்றுங்கள். கடைசிப் பதத்துக்குப் பழைய இரும்புத் தாச்சியே போதும், அதைக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். பொங்கும்போது அடங்குவதற்காகப் போடுகிற ஆமணக்கு முத்தை எந்தத் தாச்சியிலும் நிறுத்த வேண்டியதில்லை.

அப்புறம், பதம் வந்த நொடியில் தாச்சியை இறக்கணும். அடுப்போடு சேர்த்துப் பதித்த பெரிய தாச்சிகளில் இறக்க முடியாது, தீயைத்தான் வெளியே இழுக்கணும். இழுக்கிற நேரத்தில் பதம் தாண்டிவிடும். மானியத்தில் வந்த தாச்சிகள் பல மூலைக்குப் போனது இதனால்தான். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற எடைதான் உங்கள் தாச்சியின் அதிகபட்ச அளவு. அந்த இரண்டு பேரில் ஒருவர் ஐம்பதைத் தாண்டிய பெண் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விரிசல் விட்டால் எங்கே ஒட்டுவது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரை ஒழுங்காக ஒட்ட ஆர்கான் வெல்டிங் வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் கிடையாது. சித்திரை நடுவில் தாச்சியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்வந்தால் இரண்டு நாள் பதநீர் வீண்.

புகைக்குழாய் அடுப்பும் பரணும்

புகைக்குழாய் வைத்த அடுப்பு நல்லது. கண்ணெரிச்சல் போகும், இருமல் குறையும், முதல் வாயில் மிஞ்சுகிற சூடு இரண்டாவது வாயில் அடுத்த பதநீரைச் சூடாக்கி வைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய புகை சும்மா இருக்கவில்லை, இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கூரை ஓலையில் பூச்சி அரிக்காமல் வைத்தது ஒன்று. பரணில் ஓலைப்பெட்டியில் அடுக்கிய கருப்பட்டியை ஈரம் ஏறாமல் காய வைத்தது இன்னொன்று. வீட்டு அடுப்படியில் புகைக்குழாய் போட்டவர்கள் அந்த ஐப்பசி மழையில் கருப்பட்டி கசிகிறது என்று வந்து சொன்னார்கள். அடுப்பை மாற்றுகிறீர்கள் என்றால் கருப்பட்டி வைக்கிற இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள். நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாத டின்னிலோ தடித்த பிளாஸ்டிக் பையிலோ போட்டு மூடினால் போதும்.

புகைக்குழாய் ஓலைக்கூரை வழியாக வெளியே போகிற இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி தகரம் வைத்து, குழாயைச் சுற்றி மண் அப்புங்கள். குழாய் முகடுக்கு மேலே மூன்றடியாவது நிற்கட்டும். நுனியில் தொப்பி வையுங்கள். கோடைக் காற்றில் ஒரு பொறி போதும்.

பணமும் நிறமும்

சாமான் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முன்பணம் வாங்கியிருக்கிற வீட்டில் அது நிற்காது. மழைக்காலத்தில் வியாபாரியிடம் கை நீட்டியவர்கள் பருவத்தில் அவர் சொல்கிற விலைக்குத்தான் போடவேண்டும். தரம் கூடினாலும் விலை கூடாது என்றால் யார் கூடுதல் வேலை பார்ப்பார்கள்? இதில் நிறம் வேறு ஒரு வம்பு. சுத்தமாக வடிகட்டி, சுண்ணாம்பு அளவாகப் போட்டு, கரியாமல் காய்ச்சினால் கருப்பட்டி கொஞ்சம் வெளிறி வரும். சீனி கலந்ததும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தையில் சந்தேகப்படுகிறார்கள். நல்லதாகக் காய்ச்சியவருக்குக் கெட்ட பேர். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஆனாலும் சந்தையில் உடைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உடைத்த இடம் பளபளத்தால் சீனி என்பது கணக்கு. ஆகவே புதுச் சாமானில் காய்ச்சியதைப் பழைய வியாபாரிக்கே முழுக்கப் போடாதீர்கள். ஒரு பங்கையாவது நேரடியாக வாங்குகிற பத்து வீட்டுக்குக் கொடுத்துப் பழக்குங்கள். அவர்கள் ருசி பார்த்துத் திரும்பக் கேட்டால்தான் அடுப்புக்கு அடுத்த தவணை.

காசு யார் கைக்கு வருகிறது என்பதும் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய்ப்பனைப் பழத்தை வீட்டில் வேகவைத்து இடித்து எண்ணெய் எடுப்பது பெண்கள் வேலை, பழக் கொட்டைக்குள் இருக்கிற பருப்பு அவர்களுக்குச் சொந்தம். 1940-களில் கிழக்கு நைஜீரியாவில் அரசு சிறு எண்ணெய் ஆலைகளைக் கொண்டுவந்தபோது பெண்கள் கூட்டமாக எதிர்த்தார்கள். ஆலையில் எண்ணெய் கூடுதலாகக் கிடைத்தது உண்மை. பழம் அப்படியே ஆலைக்குப் போனால் அவர்கள் பங்கும் பருப்பும் போய்விடும் என்பதும் உண்மை. நம் விடிலியிலும் சிரட்டையில் ஊற்றுகிறவர் கையில் நாலு காசு நிற்காவிட்டால், புது அடுப்புக்கு அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? வாங்குவதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். "உங்களுக்கு இதில் என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் அடுப்பைப் பற்றி இருக்காது. உட்கார ஒரு உயரமான பலகை, தாச்சிக்கு நீளமான பிடி, தண்ணீருக்கு ஒரு குழாய் என்று வரும். அதை முதலில் செய்துகொடுங்கள்.

மானியத்தைப் பொறுத்தவரை நேரம்தான் சிக்கல். கணக்கு முடிக்க மார்ச்சில் அவசர அவசரமாகக் கொடுப்பார்கள், அதுதான் பங்குனிப் பாளை சீவுகிற நேரம். யாருக்கும் பெட்டியைப் பிரிக்கக்கூட ஒழியாது. உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்காக 2020-இல் தொடங்கிய பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். அது வங்கிக் கடனோடு சேர்ந்தது, கையில் ரொக்கமாக வராது. மாவட்டத் தொழில் மையத்தில் போய் இப்போது என்ன நடப்பில் இருக்கிறது என்று ஆவணியிலேயே கேட்டு வையுங்கள். தனியாக வாங்குவதைவிட நாலு விடிலிக்காரர்கள் சேர்ந்து கூப்பனி வரைக்கும் ஒரே இடத்தில் காய்ச்சலாமா என்றும் யோசியுங்கள். ஆனால் பதநீரை யார் அளப்பது என்பதை முதல் நாளே எழுதிவைக்காவிட்டால் நாலு குடும்பமும் பேச்சு நின்றுபோகும்.

புதுச் சாமானைச் சோதிக்க ஆனிக் கடைசி நல்ல நேரம். பதநீர் குறைந்துகொண்டு வரும், கெட்டாலும் நஷ்டம் சிறிது. கையிலும் கொஞ்சம் பணம் இருக்கும். சித்திரை உச்சத்தில் அடுப்பை மாற்றாதீர்கள்.

ஏறுகிற மெஷின் பற்றிச் சுருக்கமாக. தென்னைக்குச் செய்ததைப் பனைக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். பனை அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகும், சொரசொரப்பு, சில மரத்தில் மட்டைக் கட்டை வேறு. ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்றுகிற நேரத்தில் காலில் தளைநார் போட்டு ஏறுகிறவர் அடுத்த மரத்து உச்சியில் இருப்பார். காலையும் மாலையும் இருபது முப்பது பனை ஏறுகிறவருக்கு அது தோதுப்படாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கும், ஐந்தாறு மரம் மட்டும் வைத்திருக்கிறவருக்கும் உதவும். தினமும் ஏறுகிறவருக்கு அந்தக் காசில் ஒரு நல்ல இடுப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கிக்கொடுங்கள்.

கடைசியாக, என்னிடமோ வேறு பட்டறையிலோ ஆர்டர் கொடுக்கும்போது ரசீதில் தகட்டின் கனம், ரகம், தாச்சியின் எடை, விரிசல் விட்டால் எத்தனை நாளில் ஒட்டித் தருவோம் என்பதை எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். எடுக்க வரும்போது அதில் காய்ச்சப் போகிறவரையும் வண்டியில் கூட்டிவாருங்கள். கைப்பிடியை அவர் தூக்கிப் பார்த்த பிறகுதான் ஒட்டுவேன்.